கொரியப் போர்முனையில் மறைந்த பாலக்காட்டுப் பத்திரிகையாளர்: கர்னல் உன்னி நாயரின் வாழ்க்கை

கஞ்சிக்கோடு: கோவையிலிருந்து கேரளம் செல்லும் ரயில் வாளையாற்றைக் கடந்து கஞ்சிக்கோட்டை நெருங்கும்போதே பாலக்காட்டுக் கணவாயின் காற்று பெட்டிக்குள் புகுந்துவிடும். இன்று தொழிற்பேட்டைகளால் அறியப்படும் கஞ்சிக்கோட்டையும், பாலக்காடு சந்திப்பையும் தாண்டினால் அடுத்து வருவது பறளி. கல்பாத்திப்புழாவும் கண்ணாடிப்புழாவும் ஒன்றாகக் கலந்து, பாரதப்புழா என்ற பெயருடன் மேற்கு நோக்கித் திரும்புவது இங்கிருந்துதான். அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இந்தச் சிற்றூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர் எம்.கே. உன்னி நாயர்.

அவருடைய நினைவுச்சின்னம் பறளியில் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், தென் கொரியாவின் தேகு நகரில், பொமோ என்னும் பகுதியின் குன்றுச் சரிவில் இருக்கிறது. கொரியப் போர் தொடங்கி ஏழு வாரங்களே ஆகியிருந்த 1950 ஆகஸ்ட் 12 அன்று, வேகுவான் என்ற ஊருக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கிச் சிதறிய ஜீப்பில் அவர் இருந்தார். உடன் சென்ற இருவர் போர்ச் செய்தியாளர்கள். ஒருவர் லண்டன் டைம்ஸ் நாளிதழின் இயன் மாரிசன். மற்றவர் டெய்லி டெலிகிராஃப் நாளிதழின் கிறிஸ்டோபர் பக்லி. மூவருமே உயிர் பிழைக்கவில்லை. உன்னி நாயருக்கு அப்போது வயது 39.

அவர் அங்கே சென்றது படைவீரராக அல்ல, செய்தியாளராகவும் அல்ல. ஐ.நா. கொரிய ஆணையத்தில் இந்தியாவின் மாற்றுப் பிரதிநிதியாகச் சென்றிருந்தார். ஆனால் செய்தித்தாள், இராணுவம், சமாதானப் பணி ஆகிய மூன்றும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததே இல்லை. ஒரு போரை முடிவுக்குக் கொண்டுவர முயல்வோருக்கு முதலில் தேவைப்படுவது, போர்முனையில் உண்மையில் என்ன நடந்தது என்ற நம்பத்தகுந்த சாட்சியம். அந்தச் சாட்சியம் எப்படி உருவாகிறது, யாரால் தடுக்கப்படுகிறது, யார் உயிரைக் கொடுத்து அதைக் கொண்டுவருகிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் உன்னி நாயரின் குறுகிய வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

பேனாவும் சீருடையும்

ஆங்கில நாளிதழ்களில் செய்தியாளராகத் தன் பணியைத் தொடங்கியவர் உன்னி நாயர். இரண்டாம் உலகப் போர் அவரைச் சீருடைக்குள் கொண்டுவந்தது. போரின் முடிவில் இந்தியப் படையின் பலம் சுமார் 25 லட்சமாக உயர்ந்திருந்தது. கட்டாய ஆள்சேர்ப்பின்றித் திரட்டப்பட்ட படைகளில் உலகிலேயே மிகப் பெரியது அது. வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்திலும், இத்தாலியின் மலைகளிலும், பர்மாவின் காடுகளிலும் அந்த வீரர்கள் போரிட்டனர். ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்கச் செய்தியாளர்கள் அனுப்பிய செய்திகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் சொற்பமே. இந்த இடைவெளியை நிரப்ப, எழுதத் தெரிந்த அதிகாரிகளைப் போர்முனைக்கு அனுப்பும் ஏற்பாட்டை இந்தியப் படையின் செய்தித் தொடர்புத் துறை செய்தது. அந்த அதிகாரிகளில் ஒருவராக உன்னி நாயர் பணியாற்றினார்.

இந்தப் பணியைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இராணுவத்தின் செய்தி அதிகாரி சுதந்திரமான செய்தியாளர் அல்லர். அவர் எழுதுவது தணிக்கையைக் கடந்துதான் அச்சேறும். தோல்வியும் தவறும் பெரும்பாலும் கோப்பிலேயே நின்றுவிடும். அதே போர்க்காலத்தில்தான் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தனர். அந்தக் கொடுமையை உலகம் முழுமையாக உணர்ந்தது, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1943 ஆகஸ்டில் பஞ்சத்தின் புகைப்படங்களைத் துணிந்து வெளியிட்ட பிறகே. போர்க்களத்தின் வீரச் செய்தி தடையின்றிப் பாயவும், உள்நாட்டுத் துயரச் செய்தி தேங்கி நிற்கவும் காரணமாக இருந்தது ஒரே நிர்வாகம். அந்த நிர்வாகத்துக்குள் இருந்தபடியே, வெளியிலிருந்து வரும் செய்தியாளர்களுக்கு வழி திறந்துவிடுவதே செய்தி அதிகாரியின் பணி. நல்ல அதிகாரி என்பவர், செய்தியாளரை எவ்வளவு தூரம் முன்னே செல்லவிடலாம் என்று கணக்கிடுபவர் மட்டுமல்ல. தாமும் கூடவே செல்பவர்.

நாடு விடுதலை அடைந்த பின்னரும் உன்னி நாயர் படைகளின் செய்தித் தொடர்புப் பணியில் தொடர்ந்தார். பிரிவினையின் இரத்தம் உலரும் முன்பே, 1947 அக்டோபரில் காஷ்மீரில் போர் மூண்டது. புதிய இந்தியாவின் படைகளுக்கும், அவற்றின் செய்தித் தொடர்புப் பிரிவுக்கும் அது முதல் சோதனை. பாரமுல்லா நகரின் கிறிஸ்தவ மடமும் மருத்துவமனையும் தாக்கப்பட்டபோது, லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் செய்தியாளர் சிட்னி ஸ்மித் அங்கேயே, உயிர் பிழைத்தவர்களுடன் சிறைப்பட்டிருந்தார். நவம்பர் தொடக்கத்தில் இந்தியப் படை அந்நகரை மீட்ட பின் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் நேரில் சென்று பார்த்து எழுதினர். டெல்லியும் கராச்சியும் ஒன்றுக்கொன்று முரணான கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், இரு தரப்பையும் சாராத கண்கள் கண்டது உலகத் தலைநகரங்களில் எடை பெற்றது.

அந்தப் போர் 1948 ஜனவரி 1 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குச் சென்றது. சரியாக ஓராண்டு கழித்து, 1949 ஜனவரி 1 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்காணிக்க ஐ.நா. பார்வையாளர்கள் எல்லையில் நிறுத்தப்பட்டனர். செய்தியாளரும் ஐ.நா. பார்வையாளரும் வெவ்வேறு சீட்டுடன் வந்தாலும் செய்யும் வேலை ஒன்றுக்கொன்று நெருக்கமானதுதான். இருவருமே பார்த்ததைச் சொல்ல வந்தவர்கள். உன்னி நாயர் முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு மாறியதில் வியப்பில்லை.

கொரியாவுக்குச் சென்ற மலபார்க்காரர்கள்

கொரியாவுக்குச் சமாதானப் பணிக்காகச் சென்றவர்களில் மலபாருடன் தொடர்புடைய முதல் மனிதர் உன்னி நாயர் அல்லர். ஜப்பானின் வீழ்ச்சிக்குப் பின் 38-ஆவது இணைகோட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்த அந்நாட்டில் தேர்தல் நடத்த 1948-இல் ஐ.நா. ஒரு தற்காலிக ஆணையத்தை அனுப்பியது. அதன் தலைவர் கே.பி.எஸ். மேனன். பாலக்காட்டை அடுத்த மங்கரையில் பிறந்து, காங்கிரஸ் தலைவராக விளங்கிய சர் சங்கரன் நாயரின் மருமகன் அவர். பறளிக்கு அடுத்த ரயில் நிலையம்தான் மங்கரை. மேனனின் ஆணையம் சோவியத் வசமிருந்த வடக்குப் பகுதிக்குள் நுழைய அனுமதிக்கப்படவில்லை. தேர்தல் தெற்கில் மட்டும் நடந்தது; இரண்டு அரசுகள் பிறந்தன.

அந்த ஆணையத்தின் தொடர்ச்சியாக அமைந்ததே ஐ.நா. கொரிய ஆணையம். இந்தியா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிலிப்பைன்ஸ், எல் சால்வடோர், துருக்கி, தேசியவாதச் சீனா ஆகியவை அதன் உறுப்பினர்கள். 1950 ஜூன் மாதம் இந்த ஆணையத்தின் சார்பில் இரண்டு ஆஸ்திரேலிய அதிகாரிகள் 38-ஆவது இணைகோட்டின் தெற்குப் பக்கத்தை இரண்டு வாரங்கள் சுற்றிப் பார்த்து, தென் கொரியப் படை தற்காப்புக்கு ஏற்பவே அமைக்கப்பட்டிருக்கிறது, தாக்குதலுக்கான ஆயத்தம் எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதினர். தேதி ஜூன் 24. மறுநாள் விடியலில் வட கொரியப் படைகள் எல்லையைக் கடந்தன.

யார் முதலில் சுட்டது என்ற கேள்வியைச் சுற்றி உலகம் இரண்டாகப் பிரிந்து வாதிட்டபோது, ஒரு நாளே பழைய அந்த அறிக்கை பெற்ற மதிப்பு மிகப் பெரியது. அதற்கு இணையாகச் செய்தி நிறுவனங்களின் தந்திகள் நின்றன. சியோலில் இருந்த யுனைடெட் பிரஸ் செய்தியாளர் ஜாக் ஜேம்ஸ் அனுப்பிய செய்தி, அமெரிக்கத் தூதரின் தந்தி வாஷிங்டனை அடைந்த ஏறத்தாழ அதே வேளையில் அங்கே போய்ச் சேர்ந்தது. பாதுகாப்புச் சபை உடனே கூடிப் போர்நிறுத்தம் கோரியது. அப்போது சபையில் உறுப்பினராக இருந்த இந்தியா அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அதன் பின் போர் பரவிவிடாமல் தடுக்கும் முயற்சியில் இறங்கியது. ஜூலை மாதத்தில் பிரதமர் நேரு, சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கும் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அச்செசனுக்கும் தனித்தனியே கடிதம் எழுதினார். மாஸ்கோவிலிருந்து இசைவான பதில் வந்தது. வாஷிங்டன் மறுத்துவிட்டது.

ஆக, இந்தியா படை அனுப்பாத, ஆனால் இரு தரப்புடனும் பேசிக்கொண்டிருந்த நாடு. அத்தகைய நாட்டின் பிரதிநிதிக்குப் போர்முனையிலிருந்து கிடைக்கும் தகவல் சுத்தமாக இருக்க வேண்டும். அமெரிக்கப் படைத் தலைமையகத்தின் மாலை அறிக்கையை மட்டும் நம்பி டெல்லிக்குத் தந்தி அடிக்க முடியாது. உன்னி நாயர் போர்முனைக்கே சென்று பார்க்கும் வழக்கத்தை விடவில்லை. பத்திரிகையாளராகவும் படை அதிகாரியாகவும் இருந்த ஒருவருக்கு வேறு வழி தோன்றியிருக்காது.

நாக்டாங் ஆற்றங்கரை

ஆகஸ்ட் தொடக்கத்தில் தென் கொரிய, அமெரிக்கப் படைகள் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தன. நாக்டாங் ஆறுதான் கடைசி அரண். தென் கொரிய அரசு தற்காலிகத் தலைநகராகக் கொண்டிருந்த தேகு நகருக்கு வடமேற்கே, அந்த ஆற்றின் கரையில் இருக்கிறது வேகுவான். அங்கிருந்த பாலத்தை ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்கப் படையினர் தகர்த்தனர். அப்போது பாலத்தின் மேல் அகதிகள் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் ஆற்றில் மாண்டனர். அதற்கு ஒரு வாரம் முன்பு, நோகுன்ரி என்ற கிராமத்தின் ரயில் பாலத்தடியில் தஞ்சம் புகுந்திருந்த அகதிகள் மீது அமெரிக்க வீரர்கள் சுட்டதில் ஏராளமானோர் இறந்தனர். நோகுன்ரியில் அந்த நேரத்தில் ஒரு செய்தியாளர்கூட இல்லை. உயிர் தப்பியவர்கள் பல்லாண்டுகள் முறையிட்டும் கேட்பாரின்றி இருந்த அந்த நிகழ்வை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் ஆவணங்களுடனும் முன்னாள் வீரர்களின் வாக்குமூலத்துடனும் வெளியிட்டது 1999-இல்தான். அமெரிக்க அதிபர் கிளிண்டன் 2001 ஜனவரியில் வருத்தம் தெரிவித்தார். ஒரு சாட்சி உரிய நேரத்தில் அங்கே இல்லாததால் நீதிக்கு அரை நூற்றாண்டு தாமதம் ஆயிற்று.

இந்தப் பின்னணியில்தான் ஆகஸ்ட் 12 அன்று அந்த ஜீப் தேகுவிலிருந்து வேகுவான் பக்கம் சென்றது. அதில் இருந்த செய்தியாளர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பக்லி, இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கா தொடங்கி இத்தாலி வரை படைகளுடன் சென்று எழுதியவர். மாரிசன் 1913-இல் பீகிங்கில் பிறந்தவர். பாக்சர் கிளர்ச்சியின்போது அந்நகரின் முற்றுகைக்குள் இருந்து எழுதிய டைம்ஸ் செய்தியாளர் ஜார்ஜ் மாரிசனின் மகன். மலாயாவை ஜப்பானியர் வென்ற கதையைக் கண்ணால் கண்டு 1942-இல் நூலாக எழுதியவர். ஆயிரக்கணக்கான தமிழர்களின் வாழ்வைப் புரட்டிப்போட்ட வீழ்ச்சி அது என்பதால் நம் வாசகர்களுக்கும் அந்நூலின் பொருள் அந்நியமானதல்ல. எழுத்தாளர் ஹான் சூயின் பின்னர் எழுதி, ஹாலிவுட் திரைப்படமாகவும் வந்த காதல் கதையின் நாயகன் இந்த மாரிசன்தான். அந்தப் புகழ் காரணமாக அன்றைய விபத்து பற்றி உலகம் பேசும்போதெல்லாம் மாரிசன் பெயர் முதலில் வருகிறது. கூட இருந்த இந்தியரின் பெயர் பல இடங்களில் விடுபட்டே போகிறது.

கண்ணிவெடிக்குப் பேனாவும் ஐ.நா. அடையாளமும் ஒன்றுதான். ஜீப் அதன் மேல் ஏறிய கணத்தில் மூவரின் கதையும் முடிந்தது. உன்னி நாயரின் இறுதிச் சடங்கு தேகுவிலேயே நடைபெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அங்கே அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. மலபாரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த நூல் அவர் மறைந்த பிறகே அச்சில் வந்தது.

அவர் காணாத சமாதானம்

போரின் தொடக்க மாதங்களில் கொரியாவில் முறையான தணிக்கை இருக்கவில்லை. செய்தியாளர்களே தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று விடப்பட்டிருந்தது. சீனா போரில் இறங்கி, ஐ.நா. படைகள் பின்வாங்கிய பின்னர், 1950 டிசம்பரில் முழுத் தணிக்கை வந்தது. லண்டனிலோ, படைத் தணிக்கை இல்லாமலேயே ஒரு செய்தி நின்றது. தென் கொரிய அரசின் அரசியல் கைதிகள் நடத்தப்பட்ட விதம் பற்றி ஜேம்ஸ் கேமரன் எழுதிய கட்டுரையைப் பிக்சர் போஸ்ட் இதழின் உரிமையாளர் தடுத்தார். வெளியிட்டே தீர வேண்டும் என்று நின்ற ஆசிரியர் டாம் ஹாப்கின்சன் வேலையை இழந்தார்.

1951 ஜூலை 10 அன்று கேசோங் நகரில் சமாதானப் பேச்சு தொடங்கியது. இரண்டே நாளில் அது நின்றுபோனதற்குக் காரணம் நிலமோ கைதிகளோ அல்ல, செய்தியாளர்கள். ஐ.நா. தரப்பின் வாகன அணியில் வந்த செய்தியாளர்களைக் கம்யூனிஸ்ட் படையினர் சோதனைச் சாவடியில் தடுத்தனர். செய்தியாளர் இல்லாமல் பேச்சும் இல்லை என்றார் ஐ.நா. படைத் தளபதி ரிட்ஜ்வே. மூன்று நாள் இழுபறிக்குப் பின் மறுதரப்பு இணங்கியது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பேச்சு பன்முன்ஜோமுக்கு இடம் மாறிய பின், மேற்கத்தியச் செய்தியாளர்களுக்குத் தங்கள் தரப்பு அதிகாரிகள் கூறிய விவரம் அரைகுறையாகவே இருந்தது. எதிர்த் தரப்பிலிருந்து எழுதிய வில்ஃபிரட் பர்ச்செட், ஆலன் வின்னிங்டன் இருவரிடமும் வரைபடங்களும் முழு விவரங்களும் இருந்தன. கூடாரத்தின் வெளியே நின்று எதிரணிச் செய்தியாளரிடம் கேட்டுத் தம் நாட்டின் பேச்சு நிலவரத்தை அறிந்துகொண்டனர் அமெரிக்கச் செய்தியாளர்கள். பர்ச்செட்டும் வின்னிங்டனும் நடுநிலையாளர்கள் அல்லர். தங்கள் தரப்பின் பிரசாரத்தையும் சேர்த்தே தந்தனர். இருந்தும், பொதுமக்களிடம் மறைக்கப்பட்ட விட்டுக்கொடுப்புகளும் பிடிவாதங்களும் வெளியே வந்தன. தலைமையகத்தின் மீது கேள்விகள் எழுந்தன.

கடைசி முடிச்சு போர்க்கைதிகள். நாடு திரும்ப விரும்பாத கைதிகளை என்ன செய்வது என்பதில் பேச்சு ஒன்றரை ஆண்டுகள் சிக்கி நின்றது. அதை அவிழ்க்க ஐ.நா. பொதுச்சபையில் வி.கே. கிருஷ்ண மேனன் முன்வைத்த இந்தியத் தீர்மானம் 1952 டிசம்பரில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவராக ஜெனரல் கே.எஸ். திம்மையா சென்றார். சுமார் 23,000 கைதிகளை இந்தியக் காவல் படை பன்முன்ஜோம் அருகே அமைத்த ஹிந்த் நகரில் வைத்துப் பாதுகாத்தது. 1950 நவம்பரிலேயே கொரியா சென்றுவிட்ட, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழரின் தலைமையிலான 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவும் அங்கே இந்தியாவுக்குப் பெயர் தேடித் தந்தது.

அந்தப் போர்நிறுத்த உடன்படிக்கையுடன் இணைந்த விதிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. கைதிகளிடம் அவர்கள் விருப்பம் கேட்கப்படும் நடவடிக்கை முழுவதையும் இரு தரப்புச் செய்தியாளர்களும் நேரில் பார்க்கலாம் என்று அது கூறியது. எந்தக் கைதியும் மிரட்டப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார் அல்லது தடுத்து வைக்கப்பட்டார் என்று பின்னர் கதை கட்டப்படாமல் இருக்க அந்தக் கண்கள் தேவைப்பட்டன. கூடாரங்களுக்குள் கைதிகள் கூச்சலிட்டதும், நாற்காலிகள் பறந்ததும், இரு தரப்பும் இந்தியர்களைத் திட்டியதும் உலக நாளிதழ்களில் வெளிவந்தன. திம்மையாவுக்கு அது தலைவலியாகவே இருந்தது. எனினும், இரு தரப்பாலும் ஏசப்பட்ட ஆணையம் ஒரு பக்கம் சாயவில்லை என்பதற்கு அந்தச் செய்திகளே ஆதாரமாயின. அந்தச் செய்தியாளர்களை நிர்வகிக்க, அவர்களது மொழியும் படையின் மொழியும் ஒருங்கே அறிந்த ஓர் அதிகாரி அங்கே இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அப்படிப்பட்டவர் அங்கிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், தேகுவின் குன்றில், மூன்றாண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தார்.

தென் கொரியாவின் பாஜு பகுதியில், அந்தப் போரில் உயிர் நீத்த வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கென ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. மாரிசனும் பக்லியும் அந்த வரிசையில் சேர்ந்தவர்கள். உன்னி நாயர் இறக்கும்போது செய்தியாளர் அல்லர் என்பதால் அவருக்குத் தேகுவில் தனிச் சின்னம்.

அவருடைய மனைவி டாக்டர் விமலா நாயர் கணவருக்குப் பின் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். 2011-இல் அவர் மறைந்த பிறகு, அவரது விருப்பப்படி அவருடைய அஸ்தி கொரியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, கணவரின் நினைவுச்சின்னத்தின் அருகே சேர்க்கப்பட்டது.